இலையை ஏன் விரட்டுகிறோம்?

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனை ஒட்டியிருக்கும் மான்ட்கோமரி கவுன்டியில், 2025 ஜூலை 1 முதல் பெட்ரோலில் ஓடும் லீஃப் புளோயரை இயக்கத் தடை. உதிர்ந்த இலைகளைக் காற்றடித்துத் தள்ளுகிற இயந்திரம் அது. விற்பனைக்கு ஓராண்டு முன்னதாகவே, 2024 ஜூலையில் தடை வந்துவிட்டது. பக்கத்து வாஷிங்டன் நகரத்திலோ 2022 ஜனவரி முதலே தடை. மீறினால் 500 டாலர் வரை அபராதம்.

சருகு தள்ளும் இயந்திரத்துக்கா இத்தனை சட்டம் என்று சென்னையிலோ மதுரையிலோ இதைப் படிப்பவருக்குத் தோன்றலாம். இந்தச் சண்டைக்கு அமெரிக்காவில் ஐம்பது வயது. நகர மன்றங்கள் நள்ளிரவு வரை இதற்காகக் கூடியிருக்கின்றன, நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள், உண்ணாவிரதமே இருந்திருக்கிறார்கள். மேரிலாந்து மாநிலத்தின் இதே கவுன்டியில் வசிக்கும் நான் இந்தத் தடையை முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால், பெட்ரோல் போய் பேட்டரி வந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்கிற பேச்சை ஏற்க முடியவில்லை. எந்த இயந்திரத்தால் இலையைத் தள்ளுவது என்று அரை நூற்றாண்டாக வாதாடிக்கொண்டிருக்கிறோம். அந்த இலையை அங்கிருந்து தள்ளத்தான் வேண்டுமா என்பதைக் கேட்காமலே விட்டுவிட்டோம்.

முதலில் இயந்திரம். முதுகில் சுமக்கும் பெட்ரோல் புளோயர்களில் பெரும்பாலானவை டூ ஸ்ட்ரோக் இன்ஜின் கொண்டவை. பழைய ஆட்டோக்களும் ஸ்கூட்டர்களும் நீலப் புகை கக்கிக்கொண்டு ஓடிய காலத்தைப் பார்த்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். இன்ஜினுக்கு மசகும் அதுதான், எரிபொருளும் அதுதான். உள்ளே போகிற எரிபொருளில் கணிசமான பங்கு, மூன்றில் ஒரு பங்கு வரைகூட, எரியாமல் அப்படியே புகையோடு வெளியேறுகிறது. நம் சாலைகளிலிருந்து டூ ஸ்ட்ரோக் ஏறக்குறைய ஒழிந்தே போனது. அமெரிக்கப் புல்தரைகளில் அது தங்கிவிட்டது.

கார்களை மதிப்பிடும் எட்மண்ட்ஸ் நிறுவனம் 2011-ல் ஒரு சோதனை செய்தது. ஒரு பக்கம் ஃபோர்டு எஃப்-150 ராப்டர் என்கிற பெரிய பிக்கப் லாரி; மறுபக்கம் ஒரு டூ ஸ்ட்ரோக் புளோயர். அரை மணி நேரம் தோட்டத்தில் இலை தள்ளும்போது புளோயர் வெளிவிடும் ஹைட்ரோகார்பனை அந்த லாரி வெளிவிட வேண்டுமென்றால், அது டெக்சாஸிலிருந்து அலாஸ்கா வரை, அதாவது 6,200 கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும் என்று கணக்கு வந்தது. கலிஃபோர்னியாவின் காற்றுவள வாரியம் இன்னொரு கணக்கு சொல்கிறது. தொழில்முறை புளோயர் ஒரு மணி நேரம் ஓடினால் வெளியாகும், புகைமூட்டத்தை உண்டாக்கும் மாசு, ஒரு டொயோட்டா கேம்ரி கார் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து டென்வர் வரை 1,100 மைல் ஓடுவதற்குச் சமம். கார்பன் டை ஆக்சைடு கணக்கில் இந்த ஒப்பீடு பொருந்தாது. லாரி குடிக்கிற பெட்ரோலே அதிகம். நுரையீரலுக்குக் கெடுதல் செய்யும் மாசைப் பொறுத்தவரைதான் இந்தச் சின்ன இன்ஜின் இத்தனை மோசம்.

அடுத்தது சத்தம். இதைச் சகித்துப் பழகாத அண்டை வீட்டுக்காரர்களின் எரிச்சல் என்று ஒதுக்குபவர்கள் உண்டு. புளோயர் எழுப்பும் ஒலியில் தாழ்ந்த அதிர்வெண் கொண்ட பகுதி அதிகம். அது சுவரையும் மூடிய கண்ணாடி ஜன்னலையும் ஊடுருவி வருகிறது. டெசிபல் மீட்டரில் காட்டும் எண்ணைவிட வீட்டுக்குள் இருப்பவரின் தலைக்குள் அதிகமாக இறங்குகிறது. இரவு வேலை முடித்துப் பகலில் தூங்கும் செவிலியர், கைக்குழந்தை வைத்திருப்பவர், வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர் எல்லோருக்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை இது அன்றாடத் தொல்லை. ஒரு வீட்டில் அணைத்தால் அடுத்த வீட்டில் தொடங்குவார்கள். எட்டு வீடு தள்ளி அடித்தாலும் கேட்கும்.

ஆனால் ஐம்பது அடி தள்ளி இருப்பவனின் காதைப் பற்றியே நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். அந்த இன்ஜின் யாருடைய முதுகில் இருக்கிறது?

எங்கள் பகுதியில் தோட்டப் பராமரிப்பு வேலைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் எல் சால்வடோர், குவாத்தமாலா, மெக்சிகோ நாடுகளைச் சேர்ந்தவர்கள். விவசாயம் சாராத பருவகால வேலைக்குத் தரப்படும் எச்-2பி விசாவில் வருகிறவர்களில் மிகப் பெரிய பங்கு இந்தத் தொழிலுக்குத்தான். காலை எட்டு மணிக்கு ஒரு பிக்கப் வண்டி, பின்னால் இழுவைப் பெட்டி. நான்கு பேர் இறங்குவார்கள். ஒருவர் பத்துப் பன்னிரண்டு கிலோ எடையுள்ள புளோயரை முதுகில் மாட்டி, இடுப்புப் பட்டையை இறுக்கி, கயிற்றை இழுத்து உயிர்ப்பிப்பார். இன்ஜின் சரியாகத் தோள்பட்டைகளுக்கு நடுவே, பிடரிக்குக் கீழே இருக்கும். புகைக்குழாயும் அங்கேதான். குழாயின் முனையில் காற்று மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் சீறும். இலையோடு சேர்ந்து காய்ந்த மண், பூஞ்சைத் தூள், நாய் எச்சம், களைக்கொல்லி எல்லாமே எழும்பும். அதற்குள்ளேயே அவர் நடந்துகொண்டிருப்பார். எங்கள் தெருவுக்கு வந்த ஒரு குழுவில் காதடைப்பான் இருந்தது இரண்டு பேருக்கு. மூன்றாமவர் காதில் டிஷ்யூ காகிதத்தைச் சுருட்டி வைத்திருந்தார். நான்காமவருக்கு அதுவும் இல்லை. பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன்.

85 டெசிபல் ஒலியில் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஒருவரை வேலை வாங்கக் கூடாது என்பது அமெரிக்கத் தொழில்நலப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபலுக்கு வெறும் 15 நிமிடம். பெட்ரோல் புளோயரைச் சுமப்பவரின் காதருகே இந்த அளவு ஒலி எழுவது சாதாரணம். அவர் ஒரு நாளில் வேலை செய்வது பத்து வீட்டிலோ பன்னிரண்டு வீட்டிலோ. நாற்பது வயதில் அவர் காது என்ன ஆகும் என்பதைத் தெரிந்துகொள்ள ஆராய்ச்சி தேவையில்லை.

இந்த உழைப்பாளியை வைத்துத்தான் தடைக்கு எதிரான வாதமும் கட்டப்படுகிறது. அது வெறும் சாக்கு மட்டும் அல்ல என்பதற்கு லாஸ் ஏஞ்சலிஸ் சாட்சி.

கலிஃபோர்னியாவில் 1970-களில் கடும் வறட்சி. வீட்டு முன்பாதையை ஹோஸ் பைப்பால் கழுவுவதை நகரங்கள் தடுத்தன. அந்த இடைவெளியில்தான் புளோயர் வீட்டுக்கு வீடு புகுந்தது. புகுந்த வேகத்திலேயே எதிர்ப்பும் வந்தது. கார்மல் என்ற கடலோரச் சிற்றூர் 1975-லேயே தடை விதித்தது. அடுத்து பெவர்லி ஹில்ஸ். இரண்டும் பணக்கார ஊர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸில் திரை நட்சத்திரங்கள் முன்னின்று தடை கேட்டார்கள். 'பேட்மேன்' தொலைக்காட்சித் தொடரில் கேட்வுமனாக நடித்த ஜூலி நியூமார் அதில் முக்கியமானவர். 1998 தொடக்கத்தில், வீடுகளுக்கு 500 அடிக்குள் பெட்ரோல் புளோயர் கூடாது என்ற விதி அமலுக்கு வரவிருந்தது. லத்தீன் அமெரிக்கத் தோட்டக்காரர்கள் சங்கம் கட்டி, நகர மன்றத்தின் முன் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். வாரி கொண்டு வாரினால் ஒரு வீட்டுக்கு ஆகும் நேரம் பல மடங்கு கூடும். வீட்டுக்காரர் ஒரு டாலர்கூட ஏற்றித் தரமாட்டார். பிள்ளைகளின் சாப்பாட்டில்தான் அது விழும் என்றார்கள். அந்தச் சங்கத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ஆல்வரோ ஹுவெர்த்தா பிற்பாடு நகரத் திட்டமிடல் பேராசிரியரானார். தண்டனையை நகரம் தளர்த்தியது. தடை ஏட்டில் இருந்தது. அதன் பிறகும் லாஸ் ஏஞ்சலிஸில் பல ஆண்டுகள் புளோயர் ஓடிக்கொண்டே இருந்தது.

அந்த உண்ணாவிரதத்தில் இருந்த நியாயம் இன்றும் அப்படியே இருக்கிறது. புல்தரை சுத்தமாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவது வீட்டுக்காரர். சத்தம் கூடாது என்று வழக்காடுவதும் வீட்டுக்காரர். இடையில் அபராதச் சீட்டு மட்டும் தோட்டக்காரர் கைக்குப் போகிறது. வாஷிங்டன் நகரச் சட்டத்துக்காக ஜேம்ஸ் ஃபாலோஸ் போன்ற பத்திரிகையாளர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்தார்கள். 2018-ல் சட்டம் நிறைவேறியும் அமலுக்கு வர 2022 வரை அவகாசம் கொடுத்தார்கள். நிறுவனங்கள் இயந்திரங்களை மாற்றிக்கொள்ள நேரம் கிடைத்தது. கலிஃபோர்னியா 2021-ல் சின்ன இன்ஜின்களுக்கு எதிரான சட்டம் போட்டபோது, சிறு தோட்டக்காரர்களுக்கு உதவ 3 கோடி டாலர் ஒதுக்கியது. நல்ல வேலைதான்; ஆனால் அந்த மாநிலத்தில் இந்தத் தொழிலை நம்பியிருக்கும் சிறு குழுக்களின் எண்ணிக்கைக்கு அந்தப் பணம் போதாது. தொழிலுக்கேற்ற பேட்டரி புளோயர் ஒரு நாள் முழுக்க ஓட வேண்டுமானால் பல பேட்டரிகள் வேண்டும், வண்டியிலேயே சார்ஜ் போட வசதி வேண்டும். ஒரே பிக்கப் வண்டி வைத்துப் பிழைக்கிறவருக்கு அது பெரிய முதலீடு.

பேட்டரி வந்தால் புகை போகும், சத்தம் பெருமளவு குறையும். அந்தப் பையனின் காது தப்பும். அதற்காகவே தடை வேண்டும். என்றாலும் மழையில் நனைந்து தரையோடு ஒட்டிப்போன நவம்பர் இலையை அசைக்க பேட்டரி திணறுகிறது என்று தோட்டக்காரர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஒரிகான் மாநிலத்தின் போர்ட்லாந்து நகரம் அதை ஒப்புக்கொண்டு, 2026 முதல் ஜனவரியிலிருந்து செப்டம்பர் வரை மட்டும் பெட்ரோல் புளோயருக்குத் தடை விதித்திருக்கிறது. இலையுதிர் காலத்துக்கும் சேர்த்து முழுத் தடை 2028-ல்தான். அதாவது, இயந்திரம் எதற்காக இருக்கிறதோ அந்த வேலைக்கு மட்டும் மாற்று இன்னும் போதவில்லை. அந்த வேலையே தேவையா என்று கேட்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வேறு எது?

இலை எதற்காக உதிர்கிறது? பகல் குறுகக் குறுக, மரம் இலையிலிருந்து பச்சையத்தைச் சிதைத்து, நைட்ரஜனில் பெரும்பகுதியைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. காம்பின் அடியில் ஒரு தனிப் படலம் உருவாகி, இலையைத் தானே வெட்டிவிடுகிறது. மேப்பிள் சிவப்பாகவும் ஹிக்கரி மஞ்சளாகவும் மாறுவதைப் பார்க்க ஊர் ஊராகக் கார் ஓட்டிப் போகிறோம். மரம் எடுத்துக்கொண்டது போக எஞ்சிய கால்சியம், பாஸ்பரஸ், கரிமச் சத்து எல்லாவற்றோடும் இலை அதே மரத்தின் வேருக்கு மேல் விழுகிறது. பூஞ்சையும் மண்புழுவும் அடுத்த ஆண்டுக்குள் அதை மண்ணாக்கிவிடும். காட்டில் நடப்பது இவ்வளவுதான். ஆளும் வேண்டாம், உரமும் வேண்டாம்.

உரம் என்பது கணக்கின் ஒரு பாதிதான். நவம்பர் மாதத்தில் ஒரு ஓக் மரத்தடியில் சருகை நாலு விரல் ஆழத்துக்கு மெல்ல விலக்கிப் பாருங்கள். மேலே உள்ள இலை மொறுமொறுவென்று காய்ந்திருக்கும். அதன் கீழ் ஈரம், காளான் வாசம், வெள்ளை நூல் போல ஓடும் பூஞ்சை. இரண்டு இலைகளை ஒட்டுப்போட்டது போல ஒரு பழுப்புப் பொதி கிடைத்தால் அது லூனா அந்துப்பூச்சியின் கூடாக இருக்கலாம். வெளிர்பச்சை நிறத்தில், நீண்ட வாலோடு, உள்ளங்கை அகலத்துக்கு வளரும் அந்தப் பேரழகி, இலையைச் சுற்றிக் கூடு கட்டி, இலையோடு தரையில் விழுந்து, பனிக்காலம் முழுக்க அங்கேயே கிடக்கிறது. பார்க்கிறவர் கண்ணுக்கு அது சருகு. புளோயருக்கும் அது சருகு. கறுப்பும் செம்பழுப்புமாக உடம்பெல்லாம் ரோமம் கொண்ட 'வூலி பேர்' கம்பளிப்புழு சருகின் அடியில் சுருண்டு உறைந்தே குளிரைக் கடக்கிறது. வட கரோலைனாவின் பேனர் எல்க் ஊரில் ஒவ்வோர் அக்டோபரிலும் இந்தப் புழுவுக்குத் திருவிழா எடுக்கிறார்கள்; நூலில் ஏறவிட்டுப் பந்தயம் நடத்தி, வென்ற புழுவின் பட்டை நிறத்தை வைத்து வரப்போகும் குளிர்காலத்துக்குக் குறி சொல்கிறார்கள். பம்பிள் ராணித் தேனீ சருகுக்குக் கீழே ஓரிரு அங்குல மண்ணில் உறங்குகிறது. மின்மினியின் இளம்புழு மண்ணிலும் சருகிலும் ஓராண்டோ ஈராண்டோ நத்தையையும் புழுவையும் வேட்டையாடி வளர்ந்த பிறகுதான் சில வாரம் மின்னுகிறது. ஜூன் மாதத்தில் மின்மினியே காணோம் என்று வருத்தப்படுகிறவர்கள் முந்தைய நவம்பரில் தங்கள் தோட்டத்தில் என்ன செய்தார்கள் என்று யோசிக்க வேண்டும்.

டெலவேர் பல்கலைக்கழகத்தின் பூச்சியியலாளர் டக் டாலமி அடிக்கடி சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. சிட்டுக்குருவியைவிடச் சின்னதான சிக்கடி என்னும் பறவை, ஒரு ஈட்டுக் குஞ்சுகளைப் பறக்கும் பருவத்துக்கு வளர்க்க 6,000 முதல் 9,000 புழுக்கள் வரை கொண்டுவந்து ஊட்ட வேண்டும். அவரும் அவர் மாணவியும் இதே வாஷிங்டன் சுற்றுவட்டார வீட்டுத் தோட்டங்களில் ஆய்வு செய்து 2018-ல் வெளியிட்டார்கள். மண்ணுக்குரிய மரஞ்செடிகள் 70 சதவீதத்துக்குக் குறைந்த தோட்டங்களில் சிக்கடி தன் எண்ணிக்கையைத் தக்கவைத்துக்கொள்ள முடியவில்லை. ஓக் மரத்தில் மேய்கிற புழுக்களில் பல, கூட்டுப்புழுவாவதற்குத் தரைக்கு இறங்குகின்றன. மரத்தை வைத்துக்கொண்டு அதன் அடியைத் துடைத்துவிட்டால் அந்தப் புழு எங்கே போகும்?

இதெல்லாம் சரி, உண்ணி வருமே என்று இங்கே எல்லோரும் கேட்பார்கள். கேட்பது நியாயம்தான், லைம் நோயைப் பரப்பும் கறுங்கால் உண்ணி சருகில் வாழ்வது உண்மை. அந்தப் பயத்தில்தான் பலரும் இலையைத் தோட்டத்தின் விளிம்புக்குத் தள்ளச் சொல்கிறார்கள். நியூஜெர்சியில் நடந்த ஓர் ஆய்வு 2020-ல் வெளியானது. புளோயரால் வீட்டுப் புல்தரையின் இலையைக் காட்டோரத்தில் குவித்த இடங்களில் உண்ணிக் குஞ்சுகள் ஏறக்குறைய மூன்று மடங்காகக் காணப்பட்டன. பிள்ளைகள் பந்தை எடுக்கப் போகும் இடம் அந்த ஓரம்தான். நடக்கிற, விளையாடுகிற இடத்தில் இலையைக் குறைக்கலாம். மரத்தடியில் மெல்லிய படலமாகப் பரவிக் கிடக்க விடலாம். மலை மலையாகக் குவிப்பதுதான் உண்ணிக்கு வசதி.

எல்லா இலையையும் அப்படியே விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. தார்ச்சாலையில் விழுந்த இலையை வாரியே தீர வேண்டும். இதை விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரம் கற்றுக்கொடுத்தது. ஏரிகளுக்கு நடுவே கட்டிய நகரம் அது. கோடையில் ஏரி பச்சையாகி நாற்றமடிக்கும். காரணம் பாஸ்பரஸ். தெருவில் கிடக்கும் இலை மீது மழை பெய்தால், வெந்நீரில் போட்ட தேயிலைப் பை மாதிரி பாஸ்பரஸ் கரைந்து, மழைநீர் வடிகால் வழியே நேராக ஏரிக்குப் போய்விடுகிறது. அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறை இரண்டு குடியிருப்புப் பகுதிகளில் அளந்தது. குளிர்காலம் நீங்கலாக ஓராண்டில் வடிகாலில் ஓடிய பாஸ்பரஸில், இலை வாராத பகுதியில் 56 சதவீதம் இலையுதிர் காலத்து இலையிலிருந்து வந்தது. தெருவை முறையாகப் பெருக்கி இலையை அகற்றிய பகுதியில் அது 16 சதவீதம். இப்போது மேடிசனில் மழைக்கு முன் தெருவோர இலையை வாரச் சொல்லி மக்களுக்கு எச்சரிக்கை அனுப்புகிறார்கள். மருந்து அடிக்காமல், ஆலை கட்டாமல், விளக்குமாற்றால் ஏரியைக் காப்பாற்றும் திட்டம்.

இதில் கொடுமை என்னவென்றால், புளோயர் பெரும்பாலும் செய்வது இதற்கு நேர் எதிரான வேலை. இலை நன்மை செய்யும் மண்ணிலிருந்து அதை விரட்டி, தீமை செய்யும் தெருவோரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. எங்கள் கவுன்டியில் ராட்சதக் குழாய் பொருத்திய லாரி வந்து தெருவோரக் குவியலை உறிஞ்சிச் செல்லும். அதற்குச் சொத்து வரியோடு தனிக்கட்டணம் உண்டு. லாரி வருவதற்குள் இரண்டு மழை பெய்துவிடும். உறிஞ்சிய இலை டிக்கர்சன் என்ற ஊரில் உள்ள கவுன்டியின் உரக்கிடங்குக்குப் போய், மட்கி, 'லீஃப்குரோ' என்ற பெயரில் மூட்டையாகக் கடைக்கு வருகிறது. தரமான உரம், குறை சொல்ல ஒன்றுமில்லை. நவம்பரில் காசு கொடுத்து அனுப்பிய இலையை ஏப்ரலில் காசு கொடுத்துத் திரும்ப வாங்குகிறோம். நடுவில் புளோயர், லாரி, புல்டோசர், இன்னொரு லாரி.

உரக்கிடங்கு இருக்கும் ஊர்கள் அதிர்ஷ்டம் செய்தவை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்குப்படி 2018-ல் நாடு முழுக்க 3.54 கோடி டன் தோட்டக் கழிவு சேர்ந்தது. இலை, புல், கிளை எல்லாம் சேர்த்து. அதில் 1.05 கோடி டன் குப்பைக் கிடங்கில் புதைந்தது. காற்றுப் புகாத குழியில் இலை மட்காது, அழுகும்; மீத்தேனாக மாறும்.

புல்தரை மேல் விழுந்த இலைக்கும் வழி இருக்கிறது. மிஷிகன் மாநிலப் பல்கலைக்கழகம் 1990-களிலிருந்தே இதைச் சோதித்துக் காட்டியிருக்கிறது. புல்வெட்டும் இயந்திரத்தையே இலை மீது ஓட்டி, காசு அளவுக்குத் துண்டாக நறுக்கி அங்கேயே விட்டுவிட்டால், வசந்தத்துக்குள் அது புல்லிடையே இறங்கி மறைந்துவிடுகிறது. புல் கெடுவதில்லை, டேன்டிலியன் போன்ற களைகள் குறைகின்றன. நறுக்கினால் புழு சாகும் என்பதால் மரத்தடியையும் புதரோரத்தையும் தொடாமல் விட்டு, நடுப்புல்லில் மட்டும் இதைச் செய்தால் போதும்.

இவ்வளவு எளிது என்றால் ஏன் யாரும் செய்வதில்லை? அமெரிக்கப் புல்தரைகளின் மொத்தப் பரப்பு சுமார் 1,63,800 சதுர கிலோமீட்டர் என்று செயற்கைக்கோள் படங்களை வைத்து நாசா விஞ்ஞானிகள் 2005-ல் மதிப்பிட்டார்கள். தமிழ்நாட்டைவிடப் பெரியது. இத்தனை பரப்பும் ஒரே பச்சையாக, ஒரு சருகுகூட இல்லாமல் இருப்பதுதான் ஒழுங்கு என்று இங்கே ஒரு நம்பிக்கை ஊறிக்கிடக்கிறது. பல குடியிருப்புகளில் வீட்டுரிமையாளர் சங்கம் இதையே விதியாக எழுதி வைத்திருக்கிறது. இலை கிடந்தால் கடிதம் வரும். மறுபடியும் கிடந்தால் அபராதம்.

இந்த இடத்தில் என் சொந்த மக்களிடம் ஒரு வார்த்தை. மேரிலாந்திலும் வர்ஜீனியாவிலும் நியூஜெர்சியிலும் வீடு வாங்கிய தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். கொலுவுக்கும் தீபாவளிக்கும் வீட்டுக்கு விருந்தாளிகள் வருகிற நேரமும் இலை கொட்டுகிற நேரமும் ஒன்று. வாசலில் சருகு கிடந்தால் வீட்டில் விளக்கேற்ற ஆள் இல்லை என்று வளர்ந்தவர்கள் நாம். வாசலைப் பெருக்குங்கள், கோலம் போடுங்கள். அது நம் வழக்கம். ஆனால் வாசலைத் தாண்டிய தோட்டத்துக்கு வேறொரு பாடமும் நம்மிடம் இருக்கிறது. இயற்கை விவசாயத்துக்காக உழைத்த நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய் மூடாக்கு போடுங்கள், மண்ணை வெயிலில் காயவிடாதீர்கள் என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார். ஊரில் நிலம் வாங்கி இயற்கை விவசாயம் செய்ய வேண்டும் என்று வார இறுதியில் பேசுகிற நண்பர்கள், அதே வாரத்தில் தங்கள் மேப்பிள் மரம் தானாகப் போட்ட மூடாக்கை ஆள் வைத்து அகற்றுவதைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது. மண் எங்கிருந்தாலும் மண்தானே. வீட்டுரிமையாளர் சங்கக் கூட்டத்துக்கு நம்மவர்கள் போவது குறைவு. போய்க் கை தூக்கினால் விதி மாறும். மாற்றிய குடியிருப்புகள் உண்டு.

தடை பரவும் வேகத்தைப் பார்த்து எதிர்த்தரப்பும் சும்மா இல்லை. ஜார்ஜியா, டெக்சாஸ் மாநிலங்கள் 2023-ல் சட்டம் போட்டு, எரிபொருளைக் காரணம் காட்டி இத்தகைய இயந்திரங்களைத் தடுக்கும் உரிமையை உள்ளூர் ஆட்சிகளிடமிருந்து பறித்துவிட்டன. ஐரோப்பாவிலோ, ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரம் 2014-லேயே நுண்துகள் மாசுக்காகப் புளோயரைத் தடுத்தது. ஜெர்மனியில் குடியிருப்புப் பகுதியில் வேலைநாளில் காலை 9 முதல் 1 வரை, பிற்பகல் 3 முதல் 5 வரை மட்டுமே அனுமதி. பூச்சிகளுக்காக, தவிர்க்கவே முடியாத இடத்தில் மட்டும் பயன்படுத்துங்கள் என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2019-ல் கேட்டுக்கொண்டது. பூச்சியைக் காரணமாகச் சொன்ன அரசாங்கம் என்பதால் எனக்கு ஜெர்மனி மீது தனி மதிப்பு. அமெரிக்கச் சட்டங்கள் இன்னும் காதோடும் மூக்கோடும் நிற்கின்றன.

எனவே தடைச் சட்டத்தோடு கூடவே இரண்டு விஷயங்களை நகர மன்றங்கள் செய்ய வேண்டும். முதலாவது, அபராதம். அது வேலை வாங்கும் வீட்டுக்காரருக்கும் நிறுவனத்துக்கும் போக வேண்டும். கூலிக்கு இயந்திரம் தூக்குகிறவருக்கு ஒருபோதும் போகக் கூடாது. இரண்டாவது, மரத்தடியில் இலையை விட்டுவைக்கும் வீட்டை எந்தச் சங்கமும் தண்டிக்க முடியாதபடி மாநிலச் சட்டம். மேரிலாந்தில் இதற்கு முன்மாதிரி உண்டு. புல்தரைக்குப் பதிலாகத் தேனீ, வண்ணத்துப்பூச்சிகளுக்கான செடிகளை வளர்ப்பவர்களைச் சங்கங்கள் தடுக்கக் கூடாது என்று 2021-ல் இந்த மாநிலம் சட்டம் இயற்றியது. அதில் ஒரு வரி சேர்ப்பது பெரிய காரியமில்லை.

வீட்டுக்காரர்கள் செய்ய வேண்டியதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இங்கே தோட்டப் பராமரிப்பு ஒப்பந்தங்கள் பெரும்பாலும் குளிர்காலத்தில், ஜனவரி பிப்ரவரியில் புதுப்பிக்கப்படுகின்றன. தாள் வரும்போது 'இலை அகற்றல்' என்ற வரியை அடித்துவிட்டு இப்படி எழுதச் சொல்லுங்கள்: நடைபாதை, தெருவோரம், வடிகால் வாய் ஆகியவற்றில் மட்டும் இலையை வாரி மரத்தடியில் போட வேண்டும், நடுப்புல்லில் நறுக்கி விட வேண்டும், மரத்தடியையும் செடிப் பாத்தியையும் ஏப்ரலில் குளிர் விலகி வெப்பம் 10 டிகிரிக்கு மேல் நிலைக்கும்வரை தொடக் கூடாது. வேலை குறைந்ததே என்று தொகையைக் குறைக்கப் பேரம் பேசாதீர்கள். மிச்சமாகும் நேரத்துக்கு அந்த நான்கு பேரிடம் ஓக் கன்று நடச் சொல்லுங்கள், களை பிடுங்கச் சொல்லுங்கள், அதே பணத்தைக் கொடுங்கள். காதடைப்பான் இருக்கிறதா என்று நிறுவனத்தைக் கேட்டு, அதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.